களாக்காய்த் தொக்கும் வேப்பங்கொட்டையும்

ஒரு காட்டில், குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில், வேலாத்தாள் என்றொரு முள்ளம்பன்றி களாக்காய்த் தொக்கு விற்றுப் பிழைத்து வந்தாள். மிளகை மூன்று நாள் புற்றுமண்ணில் புதைத்துவைத்து, பிறகு எடுத்து வறுப்பாள். அந்த ரகசியம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

தொக்கின் பேச்சு ஒரு பெரிய உணவு கம்பெனிவரை போயிற்று. கம்பெனி மேலாளரான கழுதைப்புலி நேரில் வந்து, செய்முறையை விலைக்குக் கேட்டார்.

வேலாத்தாள் உஷாரானவள். முதலில் செய்முறையைத் தன் பெயரில் பதிந்துகொள்ளப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மரங்கொத்திதான் குமாஸ்தா.

"செய்முறையை முழுசா எழுதி மூணு நகல் கொடும்மா. தொண்ணூறு நாள் அறிவிப்புப் பலகையில ஒட்டுவோம்."

"ஒட்டினா எல்லாரும் படிச்சிருவாங்களே?"

"படிச்சாத்தானே ஆட்சேபணை சொல்ல முடியும்?"

வேலாத்தாள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். யோசித்துப் பார்த்தாள். புற்றுமண் விஷயத்தை அப்படியே மறைத்தாள். மிளகு என்று வரவேண்டிய இடத்தில் 'வறுத்த வேப்பங்கொட்டை, இரண்டு கரண்டி' என்று எழுதிக் கம்பெனிக்கு விற்றாள். கழுதைப்புலி அதைப் படித்துவிட்டு, "அபாரம்!" என்றார்.

கசப்புத் தெரியாமலிருக்கக் கம்பெனி நிறையச் சர்க்கரை போட்டது. லேபிளில் ஒரு முள்ளம்பன்றியின் படம். ஒரே மாதத்தில் காடு முழுக்க அந்தப் பாட்டில்தான். 'ஏமாந்தார்கள், என் ரகசியம் என்னிடமே இருக்கிறது' என்று வேலாத்தாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வாடிக்கையாக வாங்கும் மந்தி வந்து, அவள் தொக்கை ஒரு விரல் நக்கிவிட்டுத் துப்பியது.

"என்னக்கா, டூப்ளிகேட் விக்கிறீங்க? வேப்பங்கொட்டை வாசமே இல்லையே!"

"இதுதாண்டி ஒரிஜினல்!"

"பாட்டில்ல இருக்கறதுதான்க்கா ஒரிஜினல். உங்க படமே போட்டிருக்கு."

மறுநாள் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வேலாத்தாள் தங்கள் தொக்கைப் போலி செய்கிறாளாம். தவிர, முள்ளம்பன்றி உருவம் கம்பெனியின் பதிவுபெற்ற சின்னமாம். கடையில் அதைக் காட்டக் கூடாதாம்.

வேலாத்தாள் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். முள் சாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டது. வாங்குவோர் யாரும் வரவில்லை. நான்காம் நாள் கம்பெனி பாட்டில்கள் பத்து வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு தன் பானையில் கவிழ்த்தாள். அப்போதுதான் முதன்முறையாக அதை ருசி பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்ததும் மந்தி வந்து ஒரு வாய் நக்கியது. அதன் கண்கள் கலங்கின.

"இதுதான்க்கா உங்க பழைய கைமணம்!"

வரிசை குட்டைவரை நீண்டது. வேலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

நீதி: பொய்யான செய்முறையை விற்பதானால், முதலில் அதைக் கொஞ்சம் ருசி பார்த்துவிடுங்கள். ஆயுசு முழுக்க நீங்களும் அதைத்தான் விற்க வேண்டியிருக்கும்.