இணைச்சீரில் தூங்கியவள்

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இளம் டாக்டர்களுக்குள் காய்ச்சலைவிட வேகமாகப் பரவும் வியாதி ஒன்று உண்டு. தூங்கவில்லை என்று பெருமையடிப்பதுதான் அது. "முப்பது மணி நேரமா முழிச்சிருக்கேன்" என்று ஒருத்தி சொன்னால், அடுத்தவள் "முப்பத்தாறு" என்பாள். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் (பெயர் எதற்கு, பாவம், அது என்ன செய்தது) ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தை நான் பவுடர் போட்டு மறைத்ததே இல்லை. யார் கேட்பார்கள், யாரிடம் சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம்தான் என் ஒரே அண்ணன் செந்திலுக்குக் காங்கேயத்தில் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தான். பெண் வீட்டாரும் அதே பக்கம்தான். நல்ல மனிதர்கள், ஆனால் சாமியைக் கேட்காமல் கிணற்று மோட்டாரைக்கூட மாற்றமாட்டார்கள். குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, மனதில் நினைத்த பூ கைக்கு வந்தால் சம்மதம் என்று அர்த்தம். முதல் தடவை வரவில்லை. சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டு, பூ வந்த பிறகுதான் எங்கள் அம்மாவுக்குச் சோறு இறங்கியது.

ஆனால் பெண்ணுடைய பெரியம்மா வள்ளியாத்தாளுக்கு முழுத் திருப்தி இல்லை. சாமி முதலில் மறுத்ததை அவர் மறக்கவே இல்லை. பல்லி கத்தினால்கூட எந்தத் திசை என்று திரும்பிப் பார்ப்பார். இன்னொரு தடங்கல் வந்தால் தாலி கட்டும் நேரமானாலும் கல்யாணம் நின்றுவிடும் என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியும். "அம்மணி, அன்னிக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாது, பாத்துக்க" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். தும்மல் வரவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளைக்கு இணையாக அவன் உடன்பிறந்தவள் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு மூங்கில் கூடையோடு அவளிடம். பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளைக் கைவிடமாட்டான் என்பதற்கு ஊரறியச் சாட்சி. சடங்கு முடிகிறவரைக்கும் தலைப்பை விடக்கூடாது. "நீ நிக்காம நான் மணவறை ஏற மாட்டேன்" என்று அண்ணன் எஸ்டிடி போட்டுச் சொன்னான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் என் வார்டில் ஒருத்தர் இறந்துபோனார். பெயர் பழனாத்தாள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் கூலி வேலை. கட்டுவிரியன் கடித்து, விஷமுறிவு மருந்து கொடுத்தும் கை கால் அசையாமல், மூச்சும் நின்றுபோகிற நிலையில் வந்தார். இருந்த ஒரே வென்டிலேட்டரில் வேறொருவர் இருந்தார். அதனால் தொண்டையில் குழாய் போட்டு, ரப்பர் பையைக் கையாலேயே அமுக்கி மூச்சுக் கொடுத்தோம். அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். இரண்டு நாள், மாற்றி மாற்றி, நானும் என் தோழி நூர்ஜஹானும். (மாற்றி மாற்றி என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் அவளிடம் பையைக் கொடுத்ததே அபூர்வம்.)

மூன்றாம் நாள் மத்தியானம் பழனாத்தாளின் கண் இமை லேசாக அசைந்தது. பிழைத்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. அவருடைய கணவர் என்னிடம், "ஏனுங்கம்மணி, நீங்க நேத்திருந்து ஒண்ணுமே திங்கலீங்களே. போயி ஒரு வாய் சாப்புட்டுப்போட்டு வாங்க" என்றார். பையை நூர்ஜஹானிடம் கொடுத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். தயிர் சாதம். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது இதயம் நின்றுவிட்டிருந்தது. எவ்வளவோ முயன்றோம், வரவில்லை. அந்த மனிதர் கட்டில் காலைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "சாப்புட்டீங்களாங்க?" என்று கேட்டார்.

நான் அழவில்லை. அடுத்த கேஸைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன்: நான் கையை எடுத்ததால்தான் போனார், இனிமேல் எடுக்கமாட்டேன். அன்று முதல் சாப்பாடு பிஸ்கட், தூக்கம் நாற்காலியில். யாருடைய ட்யூட்டியையும் கேட்டு வாங்கிச் செய்தேன், என்னுடையதை யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அதுதான் இதில் பெரிய கொடுமை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ட்யூட்டியைத் தான் பார்த்துக்கொள்வதாக நூர்ஜஹான் வந்து நின்றாள். உக்கடத்துக்காரி, சுற்றி வளைக்கத் தெரியாது.

"சுகந்தி, கண்ணாடில உன் மொகத்தப் பாத்தியா? ஊட்டுக்குப் போயித் தூங்கு. எனக்குக் கல்யாணச் சாப்பாடு பார்சல் கொண்டாந்தாப் போதும்."

"எனக்குப் பழக்கம்" என்றேன். "நீ பாத்துக்குவியான்னு எனக்கு பயமா இருக்குது" என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அவள் முகம் ஒரு கணம் என்னவோபோல ஆனது. நான் அதையும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் விடியற்காலை ட்யூட்டியை முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் காங்கேயம் போனேன். நூர்ஜஹானும் கூட வந்தாள். "தூங்கு, ஊர் வந்தா எழுப்பறேன்" என்று பல்லடம் வரைக்கும் கெஞ்சினாள். டாக்டர்கள் பஸ்ஸில் தூங்குவார்களா? நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டேன். ஒரே பக்கத்தை இரண்டு மணி நேரம் படித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

மண்டபத்தில் பட்டுப்புடவையைச் சுற்றி, தலை நிறையப் பூ வைத்து, கையில் கூடையைக் கொடுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். எதிரே ஐந்நூறு பேர். வீடியோக்காரர் முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்தார். எங்கள் கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் நிதானமானவர், ஒன்றையும் விடாமல் செய்வார். சாம்பிராணிப் புகை, சூடு, மேளம். மேளம் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கையில் சுருட்டிப் பிடித்த சேலைத் தலைப்பு மெத்தென்று இருந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான்.

மீதியை நான் வீடியோ கேசட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நின்றபடியே என் கண் மூடுகிறது. உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. கை மட்டும் மேளத்துக்குத் தகுந்தாற்போலச் சேலைத் தலைப்பை அமுக்குகிறது, விடுகிறது, அமுக்குகிறது. வாய் முணுமுணுக்கிறது. பிறகு சத்தமாகவே, "நான் சாப்புடப் போகமாட்டேன்... போகமாட்டேன்" என்கிறேன். கண்ணீர் தாரையாக வழிகிறது.

"சாமி வந்துருச்சுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

மேளம் நின்றது. ஐந்நூறு பேரும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். (எங்கள் அம்மாவும்தான். பெற்ற தாய் கும்பிடுவதைக் கேசட்டில் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?) கற்பூரம் வந்தது, வேப்பிலை வந்தது. வள்ளியாத்தாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "சாமீ, பட்டினி கெடக்கறியா? நாங்க என்ன கொறை வெச்சோம்?" என்று கேட்டார். நான் இன்னும் பலமாக அழுதேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "சாமி அளுகுது. மொதல்லயே வேண்டாம்னு சொல்லுச்சு, நாமதான் கேக்கல. இது ஆகாதுங்க" என்றார்.

அப்போதுதான் ஒரு குடம் மஞ்சத்தண்ணி என் தலையில் விழுந்தது. விழித்தேன்.

என்ன நடந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெண்ணின் அப்பா தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் மாமா ஒருவர் என் காதருகே குனிந்து, "அம்மணி, அப்பிடியே கண்ண மூடி, 'நல்லா இருப்பீங்க'ன்னு ஒரு வாக்குக் குடுத்துப்போடு. முடிஞ்சு போவும்" என்றார்.

செய்தேன். நாலரை வருஷம் மருத்துவம் படித்தவள், கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருப்பீங்க" என்றேன். தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்வதைவிடச் சாமி என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. குரல் மட்டும் டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளிக்குச் சொல்கிற மாதிரி வந்தது.

வள்ளியாத்தாள் விடவில்லை. "அப்பறம் எதுக்குச் சாமி அளுதே?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி அழுகைதான் வந்தது, இந்தத் தடவை விழித்துக்கொண்டே.

"சாமி இல்லீங்க பெரியம்மா. நான் தூங்கிப்போட்டனுங்க" என்றேன். "பத்து நாளாத் தூங்கலீங்க. என்ற வார்டுல ஒரு அம்மா பாம்பு கடிச்சு வந்தாங்க. ரெண்டு நாள் கையாலயே மூச்சுக் குடுத்தோமுங்க. நான் சாப்புடப் போனேன். வர்றதுக்குள்ள போயிட்டாங்க. என்னால முடியலீங்க. இதை நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லீங்க."

கல்யாண மண்டபத்தில் சாவுச் செய்தி. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். என் அண்ணன் கல்யாணத்தை நானே என் வாயால் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வள்ளியாத்தாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் புள்ளைக்குக் கொளந்தைக இருக்குதா?"

"ரெண்டுங்க."

தன் முந்தானையால் என் முகத்திலிருந்த மஞ்சத்தண்ணியைத் துடைத்தார். பிறகு பெண்ணின் அப்பாவிடம், "சாமி அளுதாத்தான் ஆகாது. இது மனுசி அளுகறது. மனுசி அளுதாத் தோசமில்லீங்க" என்றார்.

ஆனாலும் சடங்கு நடுவில் நின்றுவிட்டதே, இணைச்சீர் செல்லுமா என்று ஒருவர் கிளப்பினார். எல்லோரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பார்த்தார். சேலைத் தலைப்பு சொட்டச் சொட்ட நனைந்து, அப்போதும் என் பிடியில்தான் இருந்தது.

"தூங்குச்சு, அளுதுச்சு, ஒரு கொடம் தண்ணி ஊத்துனீங்க. கைய விடலீங்களே" என்றார். "இணைச்சீர் ஆயிப்போச்சு. மேளத்தத் தட்டுங்கப்பா."

என்னைப் பின்கட்டு அறையில் ஜமக்காளத்தில் படுக்கவைத்தார்கள். நூர்ஜஹான் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் துவட்டினாள். பிறகு மெல்ல, "அவங்க உன் கையில போகல சுகந்தி, என் கையிலதான் போனாங்க. இந்தப் பத்து நாள்ல ஒரு தடவ எங்கிட்ட என்ன ஏதுன்னு கேட்டியா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கத்தில்கூட அவளுக்குப் பங்கு கொடுக்காமல் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அழுதாள். பழனாத்தாளுக்கு இமை அசைந்ததே, அது நிஜந்தானா என்று இருவரும் பேசினோம். நிஜம்தான் என்று முடிவு செய்தோம். பேசிக்கொண்டே தூங்கிவிட்டேன். கெட்டிமேளம் கொட்டியும் விழிக்கவில்லை. என் ஒரே அண்ணன் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வார்டில் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பையை ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது. யார் கையில் உயிர் போனாலும் மற்றவள் அவளைக் கூட்டிப்போய் டீ வாங்கித் தந்து, அவள் பேசுகிறவரை பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் மூத்த டாக்டர்கள் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

அந்த கேசட் சிடியாகி, இப்போது குடும்பத்தில் எல்லார் போனிலும் இருக்கிறது. விசேஷ வீட்டில் நான் ஒரு கொட்டாவி விட்டால் போதும், அண்ணி கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு வந்துவிடுவாள். "ஏனுங்க, சாமி வரப் பாக்குது, பாயப் போடுங்க" என்று அண்ணன் குரல் கொடுப்பான். நான் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வேன்.

நூர்ஜஹான் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். என் வார்டில் யாராவது போய்விட்டால் அவளைக் கூப்பிடுவேன். என் குரலைக் கேட்டதுமே, "சாமி வந்துருச்சா?" என்பாள்.

"வந்துருச்சு" என்பேன்.

"சரி, அளு. நான் இங்கியேதான் இருக்கறேன்" என்பாள்.