செமிகோலன் மாஸ்டரும் விடுபட்ட மாறிலியும்

மாத்தளை மாவட்டத்தில் ஒரு பெட்டிக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, அது விடை சொல்லும்வரை அதன் முன்னால் கைகட்டி நின்ற ஒரே கணக்கு மாஸ்டர் செமிகோலன்தான். அவர்மேல் நான் பட்ட பொறாமையை லொறியில் ஏற்றியிருந்தால் நாலந்தா ஏற்றத்தில் லொறி நின்றுபோயிருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசி. டவுனில் ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்து அறைகளில், இரண்டு பேரும் பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் நடத்தினோம். நான் உக்குவளைக்காரன், அவர் யாழ்ப்பாணத்தார். அவருடைய மைத்துனர் ஒருவர் லண்டனிலிருந்து பழைய கொம்பியூட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குத் தொடங்கியது.

அதில் படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கணக்கை எழுத்தெழுத்தாகத் தட்டி, வரி முடிவில் ஒரு செமிகோலன் போட வேண்டும். போடாவிட்டால் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி வாயே திறக்காது. போட்டால் மறுகணம் விடை! நான் சோக்குத் தூள் தின்று, பலகையை இரண்டு தரம் அழித்துச் செய்யும் தொகையீடு ஐயா அது! சுவருக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் "ஆ!" என்பது எனக்குக் கேட்கும். மனுஷன் கரும்பலகையிலும் வரிக்கு வரி செமிகோலன் போட ஆரம்பித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

என் வகுப்பில் முதல் வாங்கில் உட்காரும் ஸ்டெல்லா ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"சேர், அடுத்த மாசத்துலருந்து நான் அங்கிட்டு போறேன் சேர்."

"ஏம்மா, நான் சொல்லிக் குடுக்கிறது வெளங்கலையா?"

"நல்லா வெளங்குது சேர். ஆனா அங்க பெட்டி இருக்கே."

வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு பழக்கம். கணக்கில் 'a' என்று ஏதாவது வந்தால் விடை சொல்லாமல், "a பொசிட்டிவா, நெகட்டிவா, சீரோவா?" என்று திருப்பிக் கேட்கும். செமிகோலனுக்கும் அது தொற்றியது. தேத்தண்ணிக் கடை நானா, "மாஸ்டர், சீனி கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டார்.

"கொஞ்சமெண்டால்? பொசிட்டிவோ, நெகட்டிவோ, சீரோவோ?"

"நெகட்டிவ்னா ஒங்க வாயிலேருந்து சீனிய நான் தோண்டி எடுக்கணுமா மாஸ்டர்?"

கடையே சிரித்தது. அவருக்குக் கிடைத்த அந்தச் சிரிப்புக்கும் நான் பொறாமைப்பட்டேன்.

எனக்கு ஒரே ஆறுதல், பெட்டியிடம் நான் கண்டுபிடித்த குறை. தொகையீடு செய்தால் கடைசியில் எதேச்சை மாறிலி போட வேண்டும், 'சக C', அதாவது '+ C' என்று. பெட்டி போடாது! சோதனையில் புள்ளி போகுமே! இதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு ஞாயிறு, கலேவெலயில் வகுப்பு முடிந்து வந்த பஸ்ஸில் அவரும் இருந்தார். காணாததுபோல் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அலுவிகாரைக்கு முன்னால் செக் பொயின்ட். எல்லாரையும் இறக்கினார்கள். அவருடைய பையிலிருந்து ஒரு ஆமிக்காரன் கடதாசி ஒன்றை இழுத்தான். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. விளிம்பில் ஓட்டை போட்ட பிரின்டர் கடதாசி, தார்ரோட்டில் நீண்டு கிடந்தது. முழுக்க அடைப்புக்குறி, நட்சத்திரம், x, y.

"மே மொகத்த?" என்றார் அதிகாரி. இது என்ன என்று கேட்கிறார். செமிகோலனின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் ஒருவருக்கும் விளங்காத எழுத்து. அந்த யுத்த நாளில் இதைவிட அற்பத்துக்கெல்லாம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். செமிகோலனின் முகம் வெளுத்துவிட்டது. என்னைக் காட்டினார்.

"அந்தாள் கணக்கு மாஸ்டர். அவரைக் கேளுங்கோ."

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் வாங்குகள் எல்லாம் நிறைந்துவிடும். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. கடதாசியை வாங்கிப் பார்த்தேன்.

"கணக்குத்தான் சேர்," என்று சிங்களத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் கேட்கவில்லை. "ஆனா பிழையான கணக்கு. C இல்ல."

வெளுத்த முகம் சிவந்தது. "என்ன பிழை? C இருக்குதெண்டு எடுக்கிறதுதானே ஓய்!"

"எடுக்கிறதா? எழுதணும் மாஸ்டர்! புள்ளி குடுக்கிறவன் ஒங்க மண்டைக்குள்ள வந்தா பார்ப்பான்?"

"உமக்கு எரிச்சல் காணும்!"

"ஆமாய்யா, எரிச்சல்தான்! அதுக்காக C வந்துருமா?"

ஆமிக்காரர் ஏந்திய துவக்குகளுக்கு நடுவில் நின்று கத்தினோம். அதிகாரி இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இப்படி நடிக்க யாராலும் முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "தெண்ணாம யன்ட!" என்றார். இரண்டு பேரும் தொலையுங்கள் என்று அர்த்தம்.

பஸ் போய்விட்டிருந்தது. டவுனுக்கு நடந்தோம். செமிகோலன் கடதாசியை மடிக்கப் பார்த்தார். மடிப்பு விலகி விலகி விழுந்தது. "இங்க குடுங்க" என்று பிடுங்கி மடித்து என் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். டவுன் வாசலில் இன்னொரு செக் பொயின்ட் இருந்தது. கேட்டால் என்னைக் கேட்கட்டும்.