வெட்டக்கூடாத கிடங்கு

சோற்றில் மொய்த்த இலையான்களை ஒழித்தே தீருவது என்று நான் பிரகடனம் செய்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். என் மனைவி புஸ்பம், எங்களோடு அதே வகுப்பறையில் ஒதுங்கியிருந்த ஹியூபர்ட், பாயில் சோர்ந்து கிடந்த என் பேத்தி தனுஷியா. இலையான்களும் கேட்டன. அவை கலைந்து போகவில்லை.

கடல் ஏறி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தேற்றாத்தீவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியது. கிணற்றுக்குள்ளும் கடல்தான் இருந்தது. மகள் வதனி கிடைத்தாள். மருமகன் கிடைக்கவில்லை. பேத்தி அன்று காலை புஸ்பத்தோடு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபடியால் தப்பினாள். நான் கரடியனாற்றில் ஒரு காணிப் பிரச்சினையைப் பேசப் போயிருந்தேன். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் காணிக்காகப் பேசியவன் நான். திரும்பி வந்தபோது எனக்குக் காணி இருந்தது, நிற்பதற்கு வீடு இல்லை.

வாவிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் எங்களுக்கு முகாமாயிற்று. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் நல்ல மனிதர்கள் லொறி லொறியாகப் பார்சல் சோறு அனுப்பினார்கள். அவர்களுடைய நல்ல மனம் வழியிலேயே புளித்துப்போயிருந்தது. புளித்ததை எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எறிந்தோம். அது ஒரு சிறு மலையாக வளர்ந்தது. அந்த மலையில் குடியேறியவர்களைப் பற்றித்தான் இந்தக் கதை.

எதிரியை அடையாளம் காண்பது போராட்டத்தின் முதற்படி. ஒரு காலத்தில் சுகாதாரப் பகுதியார் வினியோகித்த துண்டுப்பிரசுரத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். என் கல்வி முழுவதும் துண்டுப்பிரசுரங்களால் ஆனது. அதில் எனக்கு வெட்கமில்லை. பட்டம் பெற்றவர்கள் எழுத, பட்டம் பெறாதவர்கள் அடிவாங்கிய நாடு இது.

வகுப்பறையின் நடுவில் நின்று விளக்கினேன். சாம்பல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடு போட்டு வருவது வீட்டு இலையான். அது குப்பையில் முட்டையிடும். முட்டை புழுவாகி, புழு கூடாகி, ஒரு கிழமை கழிய இறக்கை முளைத்துவிடும். அது சாப்பிடும் முறை கேவலமானது. முதலில் சோற்றில் கக்கும், பிறகு அதையே உறிஞ்சும். இந்த முறையைப் பதவிக்கு வந்த சிலரிடமும் கண்டிருக்கிறேன். பச்சையாக மினுங்குவது மற்ற இனம். அதை ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடல் வந்த மார்கழிக் கடைசியில் கடற்கரையில் தேடித் திரிந்தவர்கள், அது மொய்த்த இடத்தைப் பார்த்துத்தான் எங்கே கிளறுவது என்று முடிவெடுத்தார்கள்.

பரிகாரமும் சொன்னேன். குப்பையைக் கிடங்கு வெட்டிப் புதைக்க வேண்டும். மேலே மண்ணைக் கனமாகப் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். சாப்பாட்டை மூட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். ஹியூபர்ட் கை தட்டினார். அவர் டச்பார் என்ற கடற்கரைக் கிராமத்தில் தச்சு வேலை செய்தவர். கடல் அவருடைய இடுப்பை ஒரு சுவரோடு அடித்துவிட்டது. படுத்தபடியே தட்டினார்.

"அப்ப கிடங்க எப்ப வெட்டப் போறீங்க?" என்று புஸ்பம் கேட்டாள்.

"நான் ஏன் வெட்ட வேணும்?"

"நீங்கதானே புதைக்க வேணும் எண்டு சொன்னீங்க."

"புதைக்க வேண்டியது அரசாங்கம், புள்ள. அவன்ட வேலையை நாம செஞ்சு குடுத்தா, மறுகா அவன் ஒரு வேலையும் செய்ய மாட்டான்."

"இது இலையானுக்குத் தெரியுமா?"

பெண்கள் கொள்கையை விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று ஹியூபர்ட்டிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் முகாமின் ஆண்கள் விளங்கிக்கொண்டார்கள். வகுப்பறை வகுப்பறையாகப் போய்ப் பேசினேன். எங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுப்பதில்லை, நிவாரணம் பிச்சை அல்ல உரிமை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எத்தனையோ போராட்டங்களை நடத்தியிருக்கிறேன், கடையடைப்புக்குக் கூப்பிட்டால் பின்கதவால் வியாபாரம் செய்தவர்கள்தான் எங்கள் மக்கள். இந்த ஒரு தடவை மட்டும் என் அழைப்பை முழுமனதோடு ஏற்றார்கள். ஒருவர்கூட மண்வெட்டியைத் தொடவில்லை.

முகாமுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வினாயகமூர்த்தி என்ற பெடியன். மரியாதையானவன். என் கோரிக்கைகளை முழுவதும் கேட்டான், மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னான். மேலிடம் என்பது எது என்று நான் நாற்பது வருடமாகத் தேடுகிறேன். ஆகவே அவனுடைய அலுவலக வாசலில் உட்கார்ந்தேன். 'இலையானை அகற்று, இன்றே அகற்று' என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டேன். இலையான்கள் அட்டையில் வந்து உட்கார்ந்தன. வெளிநாட்டவர்கள் சிலர் வாகனத்தில் வந்து என்னைப் படம் பிடித்தார்கள். போகும்போது ஒரு பார்சல் சோறு தந்தார்கள். பாதியைச் சாப்பிட்டேன். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எறிந்தேன். வேறெங்கே எறிவது?

அன்று மாலை தனுஷியாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது.

அடுத்த வகுப்பறைக் குழந்தை ஒன்று ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேலைனோடு கிடந்தது. முகாமுக்கு வந்த மருத்துவத் தாதி ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூள் பைக்கற்றுகளைத் தந்து, கொதித்தாறின தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். குழந்தையில் இலையானை இருக்கவிட வேண்டாம் என்றாள். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. பிள்ளையின் கண் உள்ளே போனது. கடல் விட்டுவைத்ததை ஒரு பூச்சி எடுத்துக்கொண்டு போகப் பார்த்தது. புஸ்பம் என் கழுத்து அட்டையைக் கழற்றி எடுத்துப் பிள்ளைக்கு விசிறினாள். அந்தப் போராட்டத்தால் விளைந்த ஒரே பயன் அதுதான். கிடங்கு என்ற சொல்லை அதன்பிறகு அவள் எடுக்கவில்லை. பிள்ளை அவளுடைய மடியை விட்டு இறங்க மறுத்தது.

நான் ஏன் மண்வெட்டியை எடுக்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். கொள்கை என்று சொன்னேன், அது உண்மைதான். கடைசியாக நான் மண் வெட்டியது வதனிக்காக. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. புஸ்பத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகப் பக்கம் போய் வந்தாள். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"வினாயகமூர்த்தித் தம்பி சொல்லிப்போட்டார். பள்ளிக்கூட வளவுக்குள்ள ஒருத்தரும் கிடங்கு வெட்டப்படாதாம்."

"ஆர் வெட்டினது?"

"ஒருத்தரும் வெட்டல்ல. வெட்டப்படாதெண்டுதான் சொன்னார். அரசாங்கக் காணியாம்."

"ஆருட அரசாங்கம்? ஆருட காணி?"

"எனக்கென்ன தெரியும். உங்களுக்கு முக்கியமாச் சொல்லச் சொன்னார். வல்லிபுரத்தாருக்கு வயசு போயிற்று, அவர் பேசாம ஒரு பக்கத்தில இரிக்கட்டுமாம். நீங்களும் இரிங்க. நமக்கென்னத்துக்கு வம்பு."

ஹியூபர்ட் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "மீறினா பொலிஸ் வருமாம், தோழர்."

நான் எழும்பினேன். எனக்கு வயது போய்விட்டதாம். தடியடியிலும் எழும்பாமல் வீதியில் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வாகனத்தில் எறிய வேண்டியிருந்தது. என் மண்ணை நான் வெட்டக்கூடாதென்று மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் ஒரு பெடியன் சொல்கிறான்.

"மண்வெட்டி எங்க?"

"கதவடியில கிடக்கு. அலவாங்கும் கிடக்கு."

அவை அங்கே எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. போராட்டம் தொடங்கும் நேரத்தில் அப்படியான கேள்விகள் எழுவதில்லை.

முதல் வெட்டுக் கடினமாக இருந்தது. மண் கடினமில்லை, வாவிக்கரை மண் இளகினது. இரண்டாவது வெட்டில் கண் கலங்கியது, வியர்வை என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. வல்லிபுரத்தார் தடையை மீறுகிறாராம். நேற்றுவரை என் கொள்கைப்படி சும்மா இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, தடை என்ற சொல்லைக் கேட்டதும் சாரத்தை மடித்துக் கட்டினார்கள். இடுப்பளவு போகுமுன் தண்ணீர் ஊறியது. ஆழத்தைக் கைவிட்டு நீளமாகப் போனோம். புஸ்பம் பிள்ளையோடு தூரத்தில் நின்றாள்.

"இவ்வளவு நீளமாவும் வெட்டப்படாதெண்டாங்களே" என்றாள் கவலையோடு.

இன்னும் நீளமாக வெட்டினோம்.

"கக்கூசடிக் குப்பையைத் தொடவே கூடாதாம்."

அதையும் அள்ளினோம். மலை முழுவதும் கிடங்குக்குள் இறங்கியது. புழு நெளிந்த சோறு, புழு நெளிந்த பருப்பு, ஒருவருக்கும் அளவில்லாத கம்பளிச் சட்டைகள். மேலே மண்ணைப் போட்டு எல்லோரும் ஏறி மிதித்தோம். ஒரு கட்டத்தில் யாரோ சுலோகம் சொன்னார்கள். நான்தான் அது.

பின்னேரம் வினாயகமூர்த்தியின் மோட்டார் சைக்கிள் வந்தது. நான் மூடிய கிடங்கின் மேல் ஏறி நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன். தம்பி, விலங்கைப் போடு, வாக்குமூலம் ஒன்றும் தரமாட்டேன் என்றேன்.

அவன் கிடங்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"ஐயா, பெரிய உதவி. நான் கெஞ்சாத ஆளில்ல, ஒருத்தரும் வரல்ல. காலையில அம்மா வந்து மண்வெட்டியும் அலவாங்கும் கேக்கக்குள்ள, ஆர் வெட்டப் போறாரெண்டு கேட்டன். எங்கட அவர்தான் எண்டு சொன்னாங்க. நான் நம்பவே இல்ல."

என் பின்னால் நின்ற ஆண்களில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை.

நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சாரத்தில் துடைத்தேன். வகுப்பறைக்குத் திரும்பினேன். பறந்த இலையான்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. பிறக்கவிருந்தவை மண்ணுக்குக் கீழே இருந்தன. தனுஷியா புஸ்பத்தின் மடியில் ஜீவனி குடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அது வயிற்றில் தங்கியது. சற்று நேரம் இருவரும் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்பது வருடப் பொதுவாழ்வில் பொலிசும் இராணுவமும் இயக்கங்களும் என்னை ஏமாற்றப் பார்த்ததுண்டு, ஒருவராலும் முடியவில்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"புள்ளைக்குத் தண்ணி முடிஞ்சிற்று. கொதிக்க வைக்க விறகில்ல. விறகு கொத்தப்படாதெண்டு தம்பி ஏதும் சொன்னாரா எண்டு கேட்டுட்டு வரவா?"

கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோடரியைத் தேடிப் போனேன்.