மச்சான் பங்கும் பச்சை வெளிச்சமும்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் குதிரை நாளைக்கே கழுதையாகப் போகட்டும், அந்தக் கழுதை முதல் உதையை எனக்கே கொடுக்கட்டும். எனக்குக் குதிரையே கிடையாது என்று நாலு பேர் சொல்வார்கள். பொறாமை.

தராஸ் நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடம். ஓஸ்பானுக்கு அங்கே உத்தியோகம். மேய்ச்சல் மண்ணிலும் இறைச்சியிலும் அடைப்பான் நோய்க் கிருமியின் வித்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வித்து லேசுப்பட்டதில்லை. கொதிநீருக்குச் சாகாது, பனிக்கும் சாகாது. சம்பந்திச் சண்டை மாதிரி மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்து, சமயம் பார்த்து எழுந்திருக்கும். கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் ஓர் அமிலம் இருக்கிறது. அதுதான் காட்டிக்கொடுக்கும். பிரஷர் குக்கரில் வைத்து வித்தை உடைத்து, டெர்பியம் உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டு, ஊதா விளக்கை அடித்தால் போதும். குழாய் பச்சையாய் மின்னும்.

ஒரு சங்கதி. 'வித்து இருக்கிறது' என்றுதான் அந்தப் பச்சை சொல்லும். 'யார் வீட்டு வித்து' என்று சொல்லாது. பூந்தொட்டி மண்ணில் சாதுவாகக் கிடக்கும் வித்துக்கும் அதே பச்சைதான். அதனால் ஆய்வுக்கூடத்தில் பச்சை கண்டால் மேற்கொண்டு நாலு சோதனை செய்வார்கள். இதை மட்டும் ஓஸ்பான் தன் மனைவி கலம்பிரிடம் சொன்னதே இல்லை. என்றைக்காவது உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தான்.

அந்த நாளும் வந்தது.

குளிர்காலத்துக்கு அறுத்த குதிரை தீர்ந்து, பால்கனிக் கொக்கிகளில் இரண்டே கஸி மிச்சம். கஸி என்றால் குதிரை விலா இறைச்சியைக் கொழுப்போடு, பூண்டும் மிளகும் சேர்த்துக் குடலில் திணித்துக் காயவைத்தது. ஒன்று கையளவு, அது வீட்டுக்கு. இன்னொன்று முழங்கை நீளம், அது சிபகா. அதாவது கலம்பிரின் அண்ணன் தஸ்தெமிருக்கென்று எடுத்துவைத்த பங்கு. அவர் எப்போது வந்தாலும் அவர்தான் தின்ன வேண்டும். மற்றவன் கை வைத்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும். எங்கள் ஊரில் கடலே கிடையாது, அது வேறு விஷயம்.

ஓஸ்பான் தினமும் பால்கனிக்குப் போய் நின்றான்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"இந்தப் பனியிலயா? மூக்கு உறைஞ்சு விழுந்துடப் போகுது. விழுந்தா எங்கண்ணன் பங்கு மேல விழாம பாத்துக்குங்க."

அன்று மாலை தொலைபேசி மணி அடித்தது. நாளை மதியம் அண்ணன் வருகிறார். இத்தனை நாள் மோந்து மோந்து வளர்த்த கஸி! ஓஸ்பான் சட்டென்று எழுந்தான்.

"கலம்பிர்! அந்தப் பெரிய கஸியைத் தொடாதே!"

"நான் எங்க தொட்டேன்? தினமும் தொடறது நீங்க."

"அதுல நிறம் சரியில்ல. சோதிக்கணும். உங்கண்ணன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்."

"எங்கண்ணன் உயிர் மேல உங்களுக்கு எப்பலேர்ந்து அக்கறை?"

அவன் காதில் வாங்கவில்லை. ஜன்னலோரப் பூந்தொட்டியை ஒட்டி நின்று, கட்டைவிரலை மண்ணில் ஒரு குத்து. கஸியிலிருந்து கொஞ்சம் சுரண்டல், நகத்திலிருந்து கொஞ்சம் மண், இரண்டும் ஆய்வுக்கூடப் பையிலிருந்து எடுத்த குழாய்க்குள் போயின. குக்கர் விசிலடித்து அடங்கியது. சொட்டு விட்டான். திரையை இழுத்தான். விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் பிடித்தான்.

பச்சை! பூனைக் கண் மாதிரி பச்சை!

"பாத்தியா? வித்து!"

கலம்பிர் விளக்கைப் போட்டாள். முதலில் குழாயைப் பார்த்தாள். அப்புறம் அவன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். அப்புறம் பூந்தொட்டியில் புதிதாக முளைத்திருந்த குழியைப் பார்த்தாள். மூன்றையும் பார்த்துவிட்டு, ஒன்றையும் பார்க்காத முகத்தோடு நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ! அப்ப சின்னதுலயும் இருக்குமே? ஒரே குதிரைதானே?"

ஓஸ்பான் பதறினான். "சேச்சே! அது வேற கொக்கி!" ஓடிப்போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து அதையும் சோதித்தான். பச்சை இல்லை. "பாரு, நம்ம பங்கு சுத்தம்!"

"நல்லா சொல்லுங்க. நம்ம பங்கு சுத்தம்?"

"நான் கையெழுத்தே போடறேன்."

"அண்ணன் பங்கை என்ன பண்றது?"

"ஆய்வுக்கூட உலையில எரிக்கணும். நானே கொண்டுபோறேன்."

"அதைத் தூக்கின கைக்கு ஒண்ணும் ஆகாதா?"

தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "ஆகலாம். தூக்கினவன் கொஞ்ச நாளைக்கு இறைச்சியே தொடக் கூடாது. அதுதான் விதி. உனக்காக நான் ஏத்துக்கறேன்."

காலையில் கலம்பிர் கித்தானில் சுற்றி, நாலு பக்கமும் தைத்த மூட்டை ஒன்றைக் கொடுத்தாள். "அவுக்காதீங்க, வித்து பறக்கும்." பூண்டு வாசனை கும்மென்று வந்தது. ஓஸ்பான் அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தான்.

அங்கே, ராத்திரியே சொல்லிவைத்திருந்தபடி, சகா ஏர்மெக் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வெங்காயம் நறுக்கி, மாவும் தேய்த்துக் காத்திருந்தான். கதவைத் தாழிட்டார்கள். தையலை வெட்டினார்கள்.

உள்ளே, கடும்பனிக்கென்று எடுத்துவைத்திருந்த ஓஸ்பானின் இடது கால் கம்பளி பூட்ஸ். அதற்குள் பூண்டு, மிளகு, பக்குவமாக உப்பு.

ஏர்மெக் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அண்ணே, இது எவ்வளவு நேரம் வேகணும்?"

ஓஸ்பான் பூட்ஸைத் தூக்கி உலையிலேயே போட்டான்.

மதியம் வீட்டுக்குப் போனால், மேஜை நடுவில் பெரிய தட்டு. மாவுத் துண்டுகள் மேலே வட்ட வட்டமாக, ஓரத்தில் கொழுப்பு பளபளக்க, கஸி. தஸ்தெமிர் இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள! கஸின்னா இதுதான் கஸி!"

"கலம்பிர், இது... மச்சான் பங்கு இல்ல?"

"அது எப்படி? அதைத்தான் நீங்க எரிச்சீங்களே. எரிச்சீங்கதானே?"

"எரிச்சேன்."

"நல்லா எரிஞ்சுதா?"

"பூண்டு வாசனையோட எரிஞ்சுது."

"அப்ப இது நம்ம பங்குதான். விருந்தாளி பங்கு கெட்டுப்போனா வீட்டுப் பங்கைக் குடுக்கறதுதானே மரியாதை? அதுவும் நீங்களே சோதிச்சது!"

"நம்ம பங்கு கையளவுதானே இருந்தது!"

"வேகவெச்சா ஊதும்."

"ஊதும், ஊதும்," என்றார் தஸ்தெமிர், வாய் நிறைய.

ஓஸ்பான் மெல்லக் கையை நீட்டினான். கலம்பிர் தட்டை நகர்த்தினாள்.

"நீங்களா? மூட்டையைத் தூக்கின கை! விதின்னு நேத்து யாரு சொன்னது?" அவன் முன்னால் வெறும் தேநீரும் அவித்த பூசணியும் வந்தன.

கையளவுக் கஸி? அது வழிச்சாப்பாடாக அண்ணன் காரில் ஏறிப் போயிற்று.

மறுநாள் காலை கடும்பனி. வாசலில் ஓஸ்பான் ஒற்றைக் காலில் பூட்ஸோடு நின்றான்.

"ஏங்க, இன்னொண்ணு எங்க?"

அவன் வெறும் காலைப் பனியிலிருந்து தூக்கிக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க. மிச்சம் இருக்கறதையும் சோதிச்சுடலாம். பச்சையா மின்னினா சொல்லுங்க, தெச்சுத் தரேன்."

உங்களை நம்பிச் சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று எவன் கேட்டாலும் என் பேரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஓஸ்பான் அந்த வலது கால் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையை வெளியே விட்ட ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.