விளக்குக்கு விலக்கு

உலகத்துக் கலங்கரை விளக்கங்கள் எல்லாம் கப்பல்களைக் காப்பாற்றிய பெருமையோடு நின்றுவிட்டன. நன்செய் நிலத்தைக் காப்பாற்றிய கலங்கரை விளக்கம் தஞ்சை ஜில்லாவில் மட்டுமே உண்டு. வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலுக்குள் கூப்பிடு தூரத்தில், சங்குத்திட்டு என்ற மணல்மேட்டில் அது நிற்கிறது. அதன் வரலாற்றை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் பெயர் புலவர் இராஜாங்கம். பண்ணையார் சிங்காரவேலு ஐயா நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியன்.

ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் அளவை அரசாங்கம் பாதியாகக் குறைத்த வருஷம் அது. ஐயாவுக்கு மன்னார்குடிப் பக்கம் இருந்த நிலமோ, காக்கை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு. உபரி நிலம் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்களுக்கே போய்விடும் என்று பேச்சு. ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேதனையில்தான் ஒரு நாள் காலை அவருக்கு வரலாற்று ஆர்வம் பிறந்தது.

“புலவரே, சங்குத்திட்டு விளக்குக்கு என்ன வயசு இருக்கும்?”

“எவ்வளவு வேணுங்க ஐயா?”

“சோழர் காலம்னு வச்சுக்கலாமா?”

“முற்காலச் சோழரா, பிற்காலச் சோழரா?”

“எது உறுதியா நிக்குமோ அத எழுதுங்க.”

எழுதினேன். வெள்ளைக்காரன் கட்டிய விளக்கு என்று மீனவர்கள் பரப்பி வந்த ‘வதந்தி’யை மறுத்தேன். செங்கல்லில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது உண்மைதான். சோழர்கள் கடல் கடந்த வாணிபத்தில் சிறந்து விளங்கியதற்கு அதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்?

அடுத்து ‘சங்குத்திட்டுக் கலங்கரை விளக்கப் பாதுகாப்பு அறக்கட்டளை’ உதயமாயிற்று. ஐயா தலைவர். அவர் சம்சாரம் பிரகதாம்பாள் துணைத் தலைவர். நான் செயலாளர். உபரி நிலம் முழுவதையும் ஐயா விளக்கின் பேருக்கு எழுதிவைத்தார். அறக்கட்டளை நிலத்துக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. விளக்குக்கு விலக்கு. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு பண்ணையே பிழைத்தது என்றால் தமிழின் வளத்தை என்னவென்று சொல்வது!

தொடக்க விழாவில் ஆளுங்கட்சிப் பேச்சாளர் துரைராசு முழங்கினார். அதே மேடையில் போன மாதம் “உழுபவனுக்கே நிலம்” என்று முழங்கியவர் அவர்தான். இரண்டுக்கும் கைதட்டல் ஒரே அளவில் விழுந்தது. கூட்டத்தின் கடைசியிலிருந்து ஐயாவின் குத்தகைக்காரி ராஜம்மாள் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“வெளக்கு வந்து நாத்து நடுமாங்க?”

“பண்பாட்டப் பத்திப் பேசுறப்ப சோத்தப் பத்திப் பேசப்படாது தாயி” என்று துரைராசு பெருந்தன்மையோடு உட்காரவைத்தார்.

இனி பாதுகாப்புப் பணிக்கு வருகிறேன். அந்த விளக்கை அதுவரை தனபாக்கியம் என்ற மீனவப் பெண் ‘பயன்படுத்தி’ வந்தார். சாயங்காலமானால் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஏற்றிவிட்டு வருவார். எண்ணெய் குப்பத்து வீடுகளிலிருந்து வரும். கரையை ஒட்டி எங்கும் சேற்றுத்திட்டுகள். அவற்றுக்கு நடுவே படகு புகும் வழி ஒன்றே ஒன்று. அதை அந்த வெளிச்சம்தான் காட்டும். அவருடைய புருஷன் காயாரோகணமும் அந்த வழியாகத்தான் கரை திரும்புவார்.

நாங்கள் நுணுக்கமாக ஆராய்ந்ததில், விளக்கு எரிவதால்தான் விளக்கில் கரி படிகிறது என்று தெரியவந்தது. சோழர் சுவரில் கரி படியலாமா? கதவுக்குப் பூட்டுப் போட்டோம்.

தனபாக்கியம் என்னைத் தேடி வந்தார். “வெளக்க ஏத்தாம எப்படிங்க வெளக்கக் காப்பாத்துறது?”

“எரியாத விளக்குத்தாம்மா ரொம்ப காலம் இருக்கும்.”

“கடலுக்குப் போற ஆளுங்க?”

“அது அறக்கட்டளை நோக்கத்துல வரலையே.”

அவர் எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குத் திரும்பினார். அவருக்குப் பொதுநோக்கு போதவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசியில் நிலச் சீர்திருத்த அதிகாரி ஒருவர் வந்தார். அறக்கட்டளை நிஜமாகவே இயங்குகிறதா, நிலத்தை ஒளிக்க வந்த வெறும் பெயர்ப்பலகையா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. விளக்கின் கம்பீரத்தைக் கடல் பக்கமிருந்து காட்டினால்தான் எடுபடும் என்று ஐயா நினைத்தார். மீனவர்கள் எல்லாரும் கடலில் இருந்ததால் பண்ணைக் காரியக்காரர் முருகையன் தோணி தள்ளினார். வெண்ணாற்றில் வைக்கோல் ஏற்றித் தள்ளிய அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

விளக்கைச் சுற்றி அப்பால் போனதும் வாடைக்காற்று திரும்பியது. மழை பிடித்தது. பொழுது சாய்வதற்கு முன்பே இருட்டிவிட்டது. கரை எந்தப் பக்கம் என்று முருகையனைக் கேட்டோம். அவர் எங்களைக் கேட்டார். அதிகாரி என் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு அழுதார். ஐயா கண்களை மூடி வேண்டிக்கொண்டார். விளக்குக்கு எழுதிய அதே நிலத்தை அந்த இடத்திலேயே மேலும் சில தெய்வங்களுக்கும் எழுதிவைத்தார்.

அப்போது வெளிச்சம் வந்தது.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. புருஷன் படகைக் காணாமல் கரையில் தவித்த தனபாக்கியம், கழுத்தளவு ஏறியிருந்த தண்ணீரில் எண்ணெய்த் தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திட்டுக்குப் போயிருக்கிறார். கல்லை எடுத்துப் பூட்டை உடைத்து விளக்கை ஏற்றிவிட்டார். முதலில் மீனவர் படகுகள் வழி பிடித்தன. அவற்றின் பின்னாலேயே நாங்களும் புகுந்தோம். நாங்கள் கரை தொடும்போது அவரும் திரும்பி வந்திருந்தார். காயாரோகணத்தின் தோளை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு நடுங்கிக்கொண்டே மற்றப் பெண்களோடு சேர்ந்து எங்கள் தோணிக் கயிற்றையும் பிடித்து இழுத்தார்.

மறுநாள் பயணியர் விடுதியில் விசாரணை. முதலில் நில விவகாரம்.

“விளக்கு எரிஞ்சத என் கண்ணால பாத்தேன். உயிர் காக்குற பணி இது. அறக்கட்டளை சிறப்பா இயங்குது” என்றார் அதிகாரி. விலக்கு உறுதியாயிற்று. வாசலில் காத்திருந்த ராஜம்மாள் பஸ்ஸுக்கு நடந்தார். அடுத்த சாகுபடியில் அவர் வயலில் வேறு ஆள் இறங்கினார்.

இரண்டாவது விவகாரம், ஐயா கொடுத்த புகார். புராதனச் சின்னத்தின் பூட்டை உடைத்தல், சோழர் சுவரில் கரி படியச் செய்தல். தனபாக்கியத்தைக் கூப்பிட்டார்கள்.

“பூட்ட ஒடச்சது நீதானா?” என்று அதிகாரி கேட்டார்.

“நாந்தாங்க.”

“இனிமே திட்டுல கால் வைக்கக் கூடாது. மீறினா போலீசுதான். செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிறியா?”

தனபாக்கியம் அதிகாரியைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“ஒத்துக்கிறேங்க. எங்க ஆளுங்க வந்து சேரட்டும்னுதான் ஏத்துனேன். வெளிச்சத்துக்கு ஆள் அடையாளம் தெரியாமப் போச்சு. உங்களையும் சேத்துக் கரையேத்திடுச்சு.”

குற்றவாளி தன் தவற்றை முழுமையாக ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டேன்.