மல்லாட்டைக் காட்டுக்குத் தண்ணீர் விடாத மனிதர்

பத்திரிகை ஆபீஸில் ஆறு வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு வியாதி வரும். எதிரே வருகிறவரின் சட்டைக் காலரையும் செருப்பையும் பார்த்தே அவருடைய தொழில், ஊர், வீட்டுப் பிரச்சினை வரை சொல்லிவிட முடியும் என்று நம்புவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. அதனால் நான் இழந்தது ஒரே ஒரு ஆளைத்தான். வேறு யாரை இழந்திருந்தாலும் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

விழுப்புரத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். அங்கே பிழை திருத்தும் பிரிவில் கௌசல்யா இருந்தாள். அவளுடைய சிவப்புப் பேனா வட்டம் போடட்டும் என்றே என் செய்திகளில் சில பிழைகளை விட்டுவைப்பேன். (எல்லாப் பிழையும் வேண்டுமென்றே விட்டதல்ல.) மூன்று வருடம் இப்படி வட்டங்களிலேயே போனது. பிறகு, "வீட்ல வந்து பேசணும்னா கொஞ்சம் நல்ல சம்பளம் வேணும் இல்லீங்க?" என்று அவள்தான் சொன்னாள். நான் திண்டிவனத்தில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் சேர்ந்தேன்.

அதுவரை இரண்டு மேஜை தள்ளி இருந்தவள், ஒரு மணி நேர பஸ் பயணம் தள்ளிப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் கடையில் பார்த்துக்கொள்வோம். மிச்ச ஆறு நாளும், சாலையில் போகும் ஒவ்வொரு விழுப்புரம் பஸ்ஸின் பெயர்ப் பலகையையும் மாடி ஜன்னலிலிருந்து படித்துக்கொண்டிருப்பேன்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் பம்ப் கடைக்கு மேலே ஒரு ஹால், ஆறு பேர், ஒரு ஏ.சி. முதலாளி சதீஷ் என்னைவிட நாலு வயது சின்னவன். மேஜை டிராயர் நிறைய பழைய போன்களை வைத்திருப்பான். புது போனில் எந்தக் கேமும் ஓடும், கண்ணாடி விரிசல் விட்ட போனிலும் ஓடினால்தான் அது கேம் என்பது அவன் கொள்கை. சாப்பாட்டு நேரத்தில் கூட எந்த போனில் எந்த சிப், எந்தக் கேம் எத்தனை எம்.பி. என்றுதான் பேச்சு. நான் கேமுக்குள் வரும் வசனங்களை எழுதினேன். 'சபாஷ்!', 'மறுபடியும் முயற்சி செய்!' (ஆறு வருட அனுபவம் இதற்குத்தான் பயன்பட்டது.)

அப்போது ஒரு விவசாயக் கேம் செய்துகொண்டிருந்தோம். மோட்டார் போட்டு, விரலால் வாய்க்கால் இழுத்து, மல்லாட்டைச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை.) தண்ணீர் ஏற ஏறப் பாயிண்ட். ஆறு பேரில் ஒருவனும் மல்லாட்டைக் காட்டில் கால் வைத்ததில்லை.

வியாழக்கிழமைகளில் சோதனை நடக்கும். கேம் பழக்கமே இல்லாத பெரியவர்களின் கையில் போனைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைக் கீழே டீக்கடை மணி அண்ணன் அனுப்பிவைப்பார். வருகிறவர்களுக்கு ஒரு டீ, இரண்டு போண்டா. சதீஷ் சுவரில் ஒட்டியிருந்த விதி இது: 'உதவக் கூடாது. பதில் சொல்லக் கூடாது. பார்த்து எழுத வேண்டும்.' அவர் எதைக் கேட்டாலும், "உங்களுக்கு என்ன தோணுதோ பண்ணுங்க" என்று மட்டும் சொல்லலாம். சோதனை என்னுடைய பொறுப்பு. பத்திரிகைக்காரன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நானே வாங்கிக்கொண்டது.

கௌசல்யா எங்கள் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டாள். "அப்பா ஞாயித்துக்கெழம உங்க ஊருக்கு வர்றாரு. பெருசா ஒண்ணும் பேச வேணாம். அவரு கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க, அது போதும்" என்றாள். அவரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் என் பெயர் மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னால், அதற்கு முன்னாலேயே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வருவார்கள். ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம் எனக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒருவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, நன்றாக அழுத்தி வாரிய தலை. "கேம் கம்பெனி இதுதானேப்பா? கீழ டீக்கடைல சொன்னாங்க" என்றார்.

"இதுதாங்க ஐயா. உக்காருங்க" என்று போனைக் கையில் கொடுத்தேன். எதிரே தாளோடு உட்கார்ந்தேன். முதல் வரி: 'வயது ஐம்பத்தெட்டு இருக்கலாம். ஓய்வுபெற்ற அலுவலக ஊழியர்.'

"இத இன்னா பண்ணணும்?"

"உங்களுக்கு என்ன தோணுதோ பண்ணுங்க."

மனிதர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தடவினார். மோட்டார் ஓடியது. ஒரு வாய்க்கால் தண்ணீர் விட்டார், மோட்டாரை நிறுத்திவிட்டார். 'மறுபடியும் முயற்சி செய்!' என்றது திரை. மறுபடியும் ஒரு வாய்க்கால்தான் விட்டார்.

"தம்பி, பூ வுட்ட காட்டுல இம்மாந் தண்ணிய எவனாவது தேக்குவானா? செடி அழுகிடாதா?"

"உங்களுக்கு என்ன தோணுதோ..."

"எனக்குத் தோணறதத்தான் செய்றேன். அது தோத்துட்டேன்னு சொல்லுதே!"

நான் எழுதினேன்: 'விவசாயம் பற்றி ஒன்றும் தெரியவில்லை. பிடிவாதம் அதிகம்.'

போண்டாவை அவர் தொடவில்லை. நாலாவது முறையும் தோற்றார். நெற்றியில் வேர்வை. ஒரு விரலை நீட்டி, 'இன்னும் கொஞ்சம் இழுங்க ஐயா' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். விதி இருக்கிறதே. 'உதவி எதிர்பார்க்கும் சுபாவம்' என்று எழுதினேன். அந்தச் சொற்றொடர் எனக்கே பிடித்திருந்தது.

"இந்தக் கம்பெனி நிக்குமா தம்பி?"

"உங்களுக்கு என்ன தோணுதுங்க?"

"சரியான பேஜாரா இருக்குது" என்று போனை மேஜையில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வுடு. நான் வந்த விசயம் வேற. இங்க பிரபுன்னு ஒரு பையன் வேல செய்றானாமே, ஆளு எப்படி?"

"உங்களுக்கு என்ன தோ..." வரைக்கும் வாய் பழக்கத்தில் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சதீஷ் கத்தினான்: "பிரபு! பெருசு முடிச்சிட்டாரா? ரிப்போர்ட்ட குடு!"

அவர் கையை நீட்டினார். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டாமல், நிதானமாக, வரி வரியாகப் படித்தார். இரண்டாவது வரியில் கொஞ்சம் நின்றார்.

"நாலு ஏக்கரா தம்பி. முப்பது வருசமா மல்லாட்டதான் போட்றேன்."

"ஐயா, நான் வந்து... இது டெஸ்டிங்குங்க..."

"எழுத்து மணி மணியா இருக்குது" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார், விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார், இடது பக்கம் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தார். இவ்வளவையும் துல்லியமாகக் கவனித்தேன்.

சாயங்காலம் கௌசல்யா போன் செய்தாள். நான் எதிர்பார்த்த அழுகை இல்லை.

"எழுதுனதுக்கு அவரு கோவப்படலைங்க. சிரிச்சாரு கூட. ஒண்ணுதான் சொன்னாரு. எதிர்ல ஒரு மனுசன் திண்டாடிக்கினு இருக்கான், இந்தப் பையன் கை குடுக்காம பாத்துக்கினே இருக்கான். அவங்கிட்ட எப்படி உன்னக் குடுக்கறதுன்னு கேக்கறாரு."

அவளே தொடர்ந்தாள். "நான் இன்னா பண்ணட்டும்? சண்ட போட்டுப் பாக்கட்டுமா? இல்ல, வுட்டுடட்டுமா? நீங்க சொல்லுங்க."

அவள் முடிவில் நான் தலையிடக் கூடாது, அதுதான் மரியாதை என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே நம்பினேன். "உனக்கு என்ன தோணுதோ பண்ணு கௌசி" என்றேன்.

"சரிங்க" என்று வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை, 'சண்டை போடு' என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். ஒரு எழுத்துப் பிழைக்காக அச்சுக்கூடத்தையே எதிர்த்துச் சண்டை போட்டவள் அவள்.

அடுத்த தை மாதம் தபாலில் கல்யாணப் பத்திரிகை வந்தது. மூன்று முறை படித்தேன். ஒரு பிழை கூட இல்லை.

சதீஷ் அந்தக் கேமைத் திருத்தினான். தண்ணீர் அதிகமானால் இப்போது செடி அழுகும். கேம் சுமாராக ஓடுகிறது. சோதனைப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். யாராவது தடுமாறினால் முதல் நிமிடத்திலேயே போனைப் பிடுங்கி நானே ஆடி முடித்துவிடுகிறேனாம். ஏ.டி.எம். வாசலிலும் ரேஷன் கடை வரிசையிலும் எனக்கு இதே வேலைதான். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், என் அக்கா உறவுக்காரர்களைக் கூட்டி வைத்து இதைச் சொல்லாமல் விடமாட்டாள்: "எங்க பிரபுகிட்ட வழி மட்டும் கேட்டுடாதீங்க. ஒருநாளு திண்டிவனம் மேம்பாலத்தாண்ட ஒருத்தரு விழுப்புரம் பஸ் எங்க நிக்கும்னு கேட்டாரு. இவன் அவரோட பையத் தூக்கிக்கினு, கூடவே பஸ் ஏறி, விழுப்புரம் வரைக்கும் போய் எறக்கி வுட்டுட்டு வந்திருக்கான்!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் இல்லை, ஐந்தாறு முறை அந்த ஜூஸ் கடை வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். அக்காவுக்கு அது தெரியாது. திருவண்ணாமலை பஸ் கேட்பவர்களுக்கு நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டுவேன், அவ்வளவுதான்.