லட்சம் சார் வீட்டு மோர் மிளகாய்

திருவண்ணாமலையில் எமனுக்கு ஒரு கிளை அலுவலகம் உண்டு என்றால், அது செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், லட்சம் சார் வீட்டு மொட்டை மாடியில்தான் இருக்கிறது. அந்த மாடிக்கு நேர் கீழே உள்ள போர்ஷனில் சில வருடங்கள் குடியிருந்து உயிரோடு திரும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டு ஆள் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்து வந்த ஒரு சீட்டுக் கம்பெனிக்காரர் கண்ணீரும் கம்பலையுமாகத் திரும்பிப் போனார். சார் ஏதோ ஒரு கல்லூரியின் ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்திலேயே காரமான மிளகாய்களின் விதைகளை வரவழைத்துத் தொட்டியில் வளர்ப்பது அவர் பொழுதுபோக்கு. காரத்தை லட்சத்தில்தான் பேசுவார்.

"குடமிளகா சைபர்யா. நம்ம குண்டூர் மிளகா முப்பதாயிரம், நாப்பதாயிரம். அஸ்ஸாம் பக்கம் பூத் மிளகான்னு ஒண்ணு, அது பத்து லட்சம். அமெரிக்கால கரோலினா ரீப்பர், சராசரியே பதினாறு லட்சம். அதையும் தாண்டி பெப்பர் எக்ஸ்னு ஒண்ணு வந்திருக்கு, இருபத்தாறு லட்சம். வெதைய மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேங்கறான் பாவி!"

"இது இன்னா கணக்கு சார்?"

"மிளகாச் சாறுல சர்க்கரத் தண்ணிய ஊத்திக்கினே போ. காரம் நாக்குக்குத் தெரியாமப் போறதுக்கு எத்தன மடங்கு ஊத்தணுமோ, அதான் கணக்கு. பத்து லட்சம்னா பத்து லட்சம் மடங்கு."

எனக்கு அப்போதே தொண்டை வறண்டுவிட்டது.

இந்த உரையாடல் நடந்தது நான் வீடு கேட்டுப் போன அன்று. மற்ற வீட்டுக்காரர்கள் வேலை என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா, கறி சமைப்பாயா என்று கேட்பார்கள். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "காரம் எவ்ளோ தாங்குவ?" வீடு கிடைக்க வேண்டுமே என்று "ஓரளவுக்கு சார்" என்றேன். உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். தட்டின் நடுவில் கடுகளவு சிவப்பாக ஏதோ இருந்தது. பூத் மிளகாயாம்.

வாயில் போட்டதும் ஒன்றும் தெரியவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு மூட முடியவில்லை. காது அடைத்தது, பிடரி வேர்த்தது, செத்துப்போன என் தாத்தா வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி இருந்தது. சாரோ நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுய்யா, எங்க எரியுது? நுனி நாக்கா, தொண்டையா? மொதல்ல ஒரு பழ வாசன வந்திச்சா?" என்று ஆசையாக விசாரித்தார். பிறகு அவரே கிண்ணத்தில் தயிரை ஊட்டினார். "நீ சுத்தக் குடமிளகாய்யா. மாடியில வந்து குடியிரு" என்று சாவியைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பயந்துகொண்டே வாழ்ந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் பக்கம் மலைக்குரங்குகள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக்கூட விடாது. ஆனால் சார் வீட்டு மாடியை அவை ஒதுங்கித் தாண்டிப் போகும். என்றோ ஒரு குரங்கு ஒரே ஒரு பழத்தைக் கடித்துவிட்டு, ஊரில் உள்ள மொத்தக் குரங்குகளுக்கும் தகவல் சொல்லிவிட்டது என்பார்கள்.

குரங்குக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரிய வேண்டுமே. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஆஜானுபாகுவான வெள்ளைக்காரர், தான் எந்தக் காரத்தையும் தின்பேன் என்று சவால் விட்டு வந்தார். சார் மகிழ்ச்சியோடு ஒரு ரீப்பரை நீட்டினார். முழுதாகத் தின்ற அந்த மனிதர் படி இறங்கிப் போய், தெருமுனை வேப்பமரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்கள் மூடியிருந்தன. தாரை தாரையாகக் கண்ணீர். உடம்பு லேசாக நடுங்கியது. அந்த வழியாக வந்த வெளியூர்ப் பக்தர்கள் நின்று பார்த்தார்கள். "பெரிய நெலைக்குப் போயிட்டாருடி" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் தயிரை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் வெள்ளைக்காரர் முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் சேர்ந்திருந்தது.

இவ்வளவு பேரை அழவைத்த மனிதர் தன் வாயில் ஒரு பச்சை மிளகாய் வைத்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் அவர் மனைவி கஸ்தூரி அம்மாவிடம் கேட்டேன்.

"அவரு எங்கப்பா சாப்பிடறது? வயித்துல புண்ணு முத்திப்போயி ஆபரேசன் பண்ணிக் கெடந்தாரு. இனிமே காரம் பட்டா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு முன்ன கஞ்சிக்கே ஒரு கை மிளகா கடிக்கிற மனுசன். திங்கத்தான கூடாது, வளக்கக் கூடாதுன்னு சொல்லலியேன்னு ஆரம்பிச்சதுதான் இதெல்லாம். ஆனா இந்த லட்சம் கிட்சமெல்லாம் சும்மா அளக்கறாருப்பா. மிளகான்னா மிளகாதான்."

பின்னால் நடந்த விபரீதத்துக்கெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம்.

சார் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டு வாரம் போயிருந்தார். ஒரு பௌர்ணமி அன்று மத்தியானம் திரும்பியவர் நேராக மாடிக்கு ஏறினார். மேலேயிருந்து ஒரு அலறல் கேட்டது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடினேன். விழவில்லை. செடிகள் எல்லாம் மொட்டையாக நின்றன.

"கஸ்தூரி! ரீப்பர் காயெல்லாம் எங்க?"

"பச்சையா தொங்கிக்கினு இருந்திச்சு. வீணாப் போவுதேன்னு பறிச்சு, கடையில வாங்கனதோட சேத்து மோர் மிளகா போட்டேன். இந்தக் குரங்குத் தொல்லையில வேற எந்த மாடியில காயவெக்க முடியும்? காலையிலதான் அடி அண்ணாமலை அன்னதானத்துக்குக் குடுத்து அனுப்பிச்சேன். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க."

சார் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தயிரில் ஊறிச் சுருங்கிக் காய்ந்த பிறகு எது ரீப்பர், எது கடை மிளகாய் என்று செய்தவருக்கே தெரியாது. பௌர்ணமிக் கிரிவலம் வந்து அங்கே சாப்பிடுகிறவர்களில் கைக்குழந்தைக்காரிகள் உண்டு, எண்பது வயதுக்காரர்கள் உண்டு.

"வண்டிய எட்றா!" என்றார் சார்.

ஸ்கூட்டரைப் போலீஸ் தடுப்பில் போட்டுவிட்டு, கூட்டத்தில் புகுந்து ஓடினோம். பந்தலை நெருங்கும்போதே இருமல் சத்தம் கேட்டது. சமையல் மாஸ்டர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். "இன்னா மிளகாங்க இது? பொரிக்கும்போதே உசுரு போவுது!" அவருக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பொரித்த மோர் மிளகாய், எல்லாம் ஒரே நிறம். முன்னால் நீண்ட வரிசை. தயிர்சாதத் தொன்னைகள் அப்போதுதான் கைக்குக் கை போக ஆரம்பித்திருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மிளகாய்.

"கடிக்காதீங்க! மிளகாயத் தொடாதீங்க!" என்று சார் கத்தினார். ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப் பாட்டு அதை விழுங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தொன்னைகளிலிருந்து மிளகாயைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களைச் சூழ்ந்துகொண்டது.

"அன்னதானத்துல போட்டத புடுங்கறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?" என்றார் அந்தக் குடும்பத்து அம்மாள். அவர் கைக்குழந்தை மிளகாயை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. மஞ்சள் பனியன் போட்ட தொண்டர்கள் சாரின் சட்டையைப் பிடித்தார்கள். "வெஷம்னு வதந்தி கெளப்பறியா? வெஷமா இருந்தா நீ தின்னு காட்டு!"

அவர்களுக்குப் புரியவைக்க சாருக்கு நேரமில்லை. அந்தக் குழந்தையைப் பார்த்தார். கையிலிருந்ததில் ஒன்றை எடுத்தார்.

"சார், வேணாம்! வயிறு!" என்று கத்தியபடி நான் அதைப் பிடுங்கப் போனேன். கையில் ஓங்கி ஒரு அடி போட்டார். "நீ குடமிளகா. தள்ளிப் போ!"

கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சார் முகத்தில் அப்படி ஒரு சுகம். "கடை மிளகா" என்று முணுமுணுத்தார். எத்தனையோ வருடம் கழித்து உப்பும் புளிப்புமாக ஒரு மோர் மிளகாய் அவர் நாக்கில் பட்டிருந்தது. கூட்டம் சிரித்தது. இரண்டாவதையும் கடித்தார், அதுவும் கடை மிளகாய். "பெருசு மோர் மிளகாய்க்கு அலையுதுடா" என்றான் ஒருவன். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் மிளகாயை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

சார் அவசரமாக மூன்றாவதைக் கடித்தார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முகம் குங்குமமாகி, சாம்பலாகி, அப்படியே என் மேல் சாய்ந்தார். மூச்சு இழுத்தது. வயிற்றைப் பிடித்த கை விடவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. மிளகாய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. சட்டையைப் பிடித்த அதே தொண்டர்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு, பாதையோரத்து மருத்துவ முகாமுக்கு ஓடினார்கள். எனக்கு வாழ்க்கையில் அத்தனை பயம் அதற்கு முன் வந்ததில்லை. கோயில் பக்கமே போகாத நான், மலையைப் பார்த்துக் கைகூப்பி, "இவர விட்டுடு" என்று சத்தமாகவே கேட்டேன்.

ஊசி போட்டு, சலைன் ஏற்றிய பிறகு, உப்பிய உதடுகளைத் திறந்து முதலில் அவர் கேட்டது: "அந்தக் கொழந்த?"

"தூங்குது சார். யாருக்கும் ஒண்ணும் ஆவல."

தலையணையில் தலையைச் சாய்த்து, தகவல் கேட்டு ஓடி வந்திருந்த கஸ்தூரி அம்மாவைப் பார்த்தார். "இப்பவாச்சும் நம்பறியா?" என்றார். அந்த அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். நான் இப்போது மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறேன். பௌர்ணமி வந்தால் மட்டும் காலையிலேயே கை தானாகப் போனை எடுத்துவிடும்.

"சார், இன்னிக்கு அன்னதானத்துக்குத் தொட்டுக்க இன்னா?"

"மாங்கா ஊறுகாதான்யா. பயப்படாத."

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அன்று எனக்குச் சோறு இறங்கும்.